எந்த வீட்டுப் பாத்திரம்? மூளையின் அடக்கும் ஏற்பிகளும் ஆன்டிபாடிகளும்

போன தை மாதம் காரைக்குடியில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து இரண்டாங்கட்டில் காற்றாட உட்கார்ந்திருந்தோம். அயித்தை கேட்டார்: "ஏம்ப்பா, தேவகோட்டையில நம்ம சொந்தக்காரப் பையன் ஒருத்தனுக்கு வலிப்பு வந்து ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்க. மூளைக்கு எதிரா ஏதோ ஆன்டிபாடி இருக்குன்னு ரிப்போர்ட் வந்திருக்காம். ஆன்டிபாடி இருந்தா நல்லதுதானே? கொரோனா சமயத்துல எல்லாரும் அதைத்தானே தேடிக்கிட்டு இருந்தாங்க?"

பக்கத்தில் இருந்த மாமா சொன்னார்: "மூளை ஆராய்ச்சியிலேயே ஆன்டிபாடியைப் போட்டுத்தான் படம் எடுக்கிறாங்களாம். பேப்பர்ல பார்த்தேன். அப்ப அது மருந்தா, நோயா?"

என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. மூளையின் மெல்லிய சீவல்களில் ஆன்டிபாடி போட்டுப் படம் எடுப்பதுதான் பல வருடங்களாக என் வேலை. ஆனாலும் அன்றைக்கு நான் சொன்ன பதில் குழப்பமாகப் போனது. பாதியில் மணமக்களை வாழ்த்தக் கூப்பிட்டுவிட்டார்கள். அன்று விட்டதை இங்கே முதலிலிருந்து சொல்கிறேன். உடலைக் காக்கும் ஆன்டிபாடி, ஆய்வகத்தில் கருவியாகும் ஆன்டிபாடி, நோய் தரும் ஆன்டிபாடி மூன்றும் ஒரே பொருள்தான். அது எதைப் பிடிக்கிறது என்பதில்தான் எல்லா வித்தியாசமும் இருக்கிறது.

கண்மாயும் மடையும்

முதலில் மூளைக்குப் போவோம். மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள், அதாவது நரம்பு செல்கள், இருக்கின்றன. ஒன்று அடுத்ததற்குச் செய்தி சொல்லிக்கொண்டே இருக்கும். எப்படி என்று புரிய நம் பக்கத்துக் கண்மாய்களை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே ஒரு கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியாக வழிந்து அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர் போகும். அது நிறைந்தால் அதற்கடுத்தது.

நரம்பணுவும் அப்படித்தான். மற்ற அணுக்களிடமிருந்து வரும் செய்திகள் வரத்துக்கால் தண்ணீர்போல அதன் மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே வரும். ஒரு மட்டத்தைத் தொட்டதும் அது துடிக்கும், செய்தி அடுத்த அணுவுக்குப் போகும். ஒரு வேறுபாடு இருக்கிறது. கலுங்கில் கொஞ்சமாகவும் வழியும், நிறையவும் வழியும். நரம்பணுவில் அப்படி இல்லை. மட்டத்தைத் தொட்டால் முழுத் துடிப்பு, தொடாவிட்டால் ஒன்றுமே இல்லை.

எல்லாமே வரத்துக்காலாக இருந்தால் என்ன ஆகும்? ஒரு கண்மாய் நிறைந்து அடுத்தது, அதற்கடுத்தது என்று மொத்தமும் ஒரே நேரத்தில் வழிய ஆரம்பித்துவிடும். மூளையில் அப்படி நடப்பதுதான் வலிப்பு. அதனால்தான் அடியில் மடை இருக்கிறது. மடையைத் திறந்துவிட்டால் எவ்வளவு வரத்து வந்தாலும் மட்டம் கலுங்கைத் தொடாது. மூளையில் அந்த மடை வேலையைச் செய்பவைதான் அடக்கும் ஏற்பிகள்.

ஏற்பி என்பது நரம்பணுவின் மேல்தோலில் பதிந்திருக்கும் ஒரு புரதம். பக்கத்து அணு விடும் வேதிப்பொருளைப் பிடித்துக்கொண்டு வினைபுரியும். அந்த வேதிப்பொருளுக்கு நரம்புக்கடத்தி என்று பெயர். மட்டத்தை ஏற்றும் முக்கியமான கடத்தி குளுட்டமேட். மட்டத்தை இறக்கும் கடத்திகளில் முக்கியமானவை இரண்டு: மூளையில் காபா, தண்டுவடத்திலும் மூளைத்தண்டிலும் கிளைசின். காபா மூளையில் இருப்பது 1950-இல்தான் தெரிந்தது.

அடக்கும் என்றதும் மந்தமாக்கும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். மூளையின் வெளி அடுக்கான புறணியில் ஐந்தில் ஒரு பங்கு நரம்பணுக்கள் அடக்கும் வேலைக்கென்றே இருக்கின்றன. கையை மடக்கும்போது மடக்கும் தசைக்குச் செய்தி போகிறது, அதே கணத்தில் நீட்டும் தசைக்கான நரம்பணு அடக்கப்படுகிறது. இல்லையென்றால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நிற்கும்.

அப்படி இழுத்துக்கொண்டு நிற்கும் நோயை நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். துருப்பிடித்த ஆணி குத்தினால் டி.டி. ஊசி போட ஓடுகிறோமே, அந்த ரண ஜன்னிதான். உடல் வில்லாக வளையும் என்பதால் தனுர்வாதம் என்றும் சொல்வார்கள். அந்தக் கிருமியின் நஞ்சு தண்டுவடத்தில் கிளைசினும் காபாவும் வெளியே வராமல் தடுத்துவிடுகிறது. மடை திறக்க ஆளில்லை. எல்லாத் தசையும் ஒரே நேரத்தில் இறுகுகிறது.

இதுவரை சொன்னதில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். அடக்கும் ஏற்பி என்பது ஒரு மடை. காபாவோ கிளைசினோ வந்து தொட்டால் அது திறக்கும், நரம்பணு துடிக்காமல் அடங்கும்.

மடைக்குள் என்ன ஓடுகிறது

குளோரைடு. நாம் சாப்பிடும் உப்பில் பாதி அதுதான். மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 முதல் இருக்கும் ஊர் காரைக்குடி. அயனி, மின்னூட்டம் என்ற சொற்கள் இங்கே யாருக்கும் புதிதாக இருக்காது. குளோரைடு எதிர்மின்னூட்டம் கொண்ட அயனி. வளர்ந்த நரம்பணுவுக்கு வெளியே அது நிறைய இருக்கும், உள்ளே குறைவு. மடை திறந்ததும் உள்ளே பாயும். எதிர்மின்னூட்டம் உள்ளே வருவதும் நேர்மின்னூட்டம் வடிந்துபோவதும் கணக்கில் ஒன்றுதான். ஆக மட்டம் ஏறாது.

காபாவுக்கு இரண்டு வகை ஏற்பிகள் உண்டு. காபா-ஏ என்பது நேரடியாகத் திறக்கும் மடை. காபா-பி தானே மடை இல்லை, காபா வந்து தொட்டவுடன் அணுவுக்குள் ஆள் அனுப்பி வேறு மடைகளை இயக்கும். இந்தக் கட்டுரை பெரும்பாலும் காபா-ஏ, கிளைசின் ஏற்பிகளைப் பற்றியது. காபா-பி கடைசியில் தேவகோட்டைப் பையனோடு திரும்பி வரும்.

காபா-ஏ ஏற்பி ஐந்து துண்டுகள் வட்டமாகக் கூடி நிற்கும் அமைப்பு, நடுவில் துளை. உரலைச் சுற்றி ஐந்து பேர் தோளோடு தோள் சேர்த்து நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டும் துணையலகு எனப்படும். மனிதரில் இந்தத் துணையலகுகளுக்கு 19 மரபணுக்கள் உண்டு. நகரத்தாரில் ஒன்பது கோயில் என்று பிரிவு இருப்பதுபோல இவையும் ஆல்பா, பீட்டா, காமா என எட்டுக் குடும்பங்கள். ஆல்பாவில் மட்டும் ஆறு பேர். மூளையில் அதிகம் காணப்படும் கூட்டு: இரண்டு ஆல்பா-1, இரண்டு பீட்டா-2, ஒரு காமா-2.

யார் யார் கூடி நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்து மடையின் குணம் மாறும். டயஸிபாம் என்ற மாத்திரை ஆல்பாவும் காமாவும் தோள் சேரும் இடத்தில் உட்கார்ந்து காபாவின் வேலையை எளிதாக்குகிறது. அதே மாத்திரை தூக்கத்தையும் தருகிறது, பதற்றத்தையும் தணிக்கிறது. ஆல்பா-1 உள்ள ஏற்பிகள் தூக்கக் கலக்கத்துக்கும் ஆல்பா-2 உள்ளவை பதற்றம் தணிவதற்கும் காரணம் என்பது 1999, 2000 ஆண்டுகளில் எலிகளின் மரபணுவை மாற்றிச் செய்த சோதனைகளில் தெரிந்தது.

அப்படியானால் அடுத்த கேள்வி, எந்தத் துணையலகு மூளையில் எங்கே இருக்கிறது? இவை எல்லாம் கண்ணுக்கு மட்டுமல்ல, சாதாரண நுண்ணோக்கிக்கும் தெரியாத சிறிய பொருள்கள். ஒரு தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர், ஒரு ஏற்பி 10 நானோமீட்டரை ஒட்டி இருக்கும். இத்தனை சிறியதை, அதுவும் ஒன்றைப்போல ஒன்று இருக்கும் 19 துண்டுகளில் ஒன்றை மட்டும், எப்படி அடையாளம் காண்பது?

பெயர் வெட்டிய பாத்திரம்

செட்டிநாட்டு வீடுகளில் பாத்திரத்தில் பெயர் வெட்டுவார்கள். குடத்தின் கழுத்திலோ தூக்குச்சட்டியின் விளிம்பிலோ வீட்டு விலாசத்தின் முதலெழுத்துகள் சிறியதாக இருக்கும். கல்யாணம் என்றால் நாலு வீட்டுப் பாத்திரமும் ஒரே முற்றத்தில் கிடக்கும். எல்லாம் ஒரே மாதிரி பித்தளை, ஒரே மாதிரி உருவம். வேலை முடிந்ததும் பிரித்துக் கொடுக்க வேண்டுமே, அதற்காகத்தான் அந்த எழுத்து. சின்ன வயதில் அந்த வேலை எங்களுக்குத்தான் வரும். "நம்ம எழுத்து உள்ளதை மட்டும் எடுத்து ஓரமா வை" என்பார்கள். பாத்திரம் முழுவதையும் நாங்கள் ஆராய்வதில்லை. எழுத்தை மட்டும் பார்ப்போம்.

ஆன்டிபாடி செய்வது அந்த வேலைதான்.

ஆன்டிபாடி என்பது நம் ரத்தத்தில் உள்ள பி அணுக்கள் தயாரிக்கும் புரதம். கவட்டைக்குச்சி போன்ற உருவம். இரண்டு நுனிகளும் பிடிக்கும் கைகள், அடித்தண்டு பிடிமானத்துக்கு. கிருமி ஒன்று உடலுக்குள் வந்தால் அதன் மேலுள்ள ஏதோ ஒரு சிறு பகுதிக்குப் பொருந்தும் கைகளோடு ஆன்டிபாடி உருவாகும். அந்தச் சிறு பகுதிக்கு எபிடோப் என்று பெயர். அதுதான் நம் கதையில் பாத்திரத்தில் வெட்டிய எழுத்து. பெரிய புரதத்தில் சில அமினோ அமிலங்கள் அளவே இருக்கும். ஆன்டிபாடிக்குப் புரதத்தின் பெயரோ வேலையோ தெரியாது. அந்த எழுத்து தெரிந்தால் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

இது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஆன்டிபாடியை ஒரு கேமராபோல நினைத்துப் பேசுகிறார்கள். மூளைக்குள் போட்டால் ஏற்பி தெரிந்துவிடும் என்று. நிஜத்தில் அது எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஒரு பிள்ளை. அந்த எழுத்து அந்த ஏற்பியில் மட்டும்தான் இருக்கிறது என்று உறுதியானால்தான் அது காட்டுவதை நம்பலாம்.

எட்டிக்காயிலிருந்து தொடங்கிய தேடல்

ஏற்பிக்கு எதிரான ஆன்டிபாடி வேண்டுமென்றால் முதலில் அந்த ஏற்பி கையில் வேண்டும். கிளைசின் ஏற்பியைக் கையில் எடுக்க உதவியது நமக்குத் தெரிந்த ஒரு மரம். எட்டி மரம். எட்டி பழுத்தால் என்ன, ஈயாதார் வாழ்ந்தால் என்ன என்று சொல்கிறோமே, அந்த எட்டிதான். அதன் விதையில் ஸ்ட்ரிக்னைன் என்ற நஞ்சு உண்டு. அது கிளைசின் ஏற்பியில் இறுக்கமாக ஒட்டிக்கொண்டு மடை திறக்காமல் செய்துவிடும். ரண ஜன்னிபோலவே உடல் விறைக்கும். அங்கே திறக்க ஆளில்லை, இங்கே திறக்கும் கையைப் பிடித்துவிட்டார்கள்.

அவ்வளவு இறுக்கமாக ஒட்டும் என்பதையே ஆய்வாளர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். ஹைன்ரிச் பெட்ஸ் குழுவினர் ஜெர்மனியில், ஸ்ட்ரிக்னைனின் மாற்று வடிவம் ஒன்றைச் சிறு மணிகளில் பிணைத்து, எலியின் தண்டுவடக் கரைசலை அதன் வழியாக விட்டார்கள். கிளைசின் ஏற்பி மட்டும் மணிகளில் ஒட்டி நின்றது. 1982-இல் இப்படி அந்த ஏற்பி தனியாகப் பிரிக்கப்பட்டது. ஒரு நஞ்சு தூண்டில் முள்ளாக மாறிய கதை இது. எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

பிரித்த ஏற்பியைச் சுண்டெலிக்கு ஊசி மூலம் கொடுத்தால், அதன் உடல் அதை அந்நியப் பொருளாக நினைத்து ஆன்டிபாடி தயாரிக்கும். இங்கே ஒரு சிக்கல். ரத்தத்தில் பலவித ஆன்டிபாடிகள் கலந்து இருக்கும், ஒவ்வொன்றும் ஏற்பியின் ஒவ்வொரு மூலையைப் பிடிக்கும். ஒரே எழுத்தைப் படிக்கும் ஒரே வகை வேண்டுமானால்? அதற்கு வழி 1975-இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் கண்டுபிடித்திருந்தார்கள். ஆன்டிபாடி தயாரிக்கும் ஒரு பி அணுவை, சாகாமல் பெருகிக்கொண்டே இருக்கும் புற்றணு ஒன்றோடு இணைத்துவிட்டார்கள். அந்தக் கலப்பு அணு ஒரே வகை ஆன்டிபாடியை ஆண்டுக்கணக்கில் தந்துகொண்டே இருக்கும். இதற்கு மோனோகுளோனல் ஆன்டிபாடி என்று பெயர். 1984-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

1987-இல் இந்த ஏற்பிகளின் மரபணுக்கள் படிக்கப்பட்ட பிறகு வேலை இன்னும் எளிதானது. முழு ஏற்பியே தேவையில்லை. 19 துணையலகுகளில் எந்த இடத்தில் எழுத்து மாறுகிறது என்று பார்த்து, அந்தத் துண்டை மட்டும் செயற்கையாகச் செய்து முயலுக்கோ கினிப்பன்றிக்கோ கொடுக்கலாம். ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஆல்பாக்களுக்குள் பெரும்பகுதி ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாடு அதிகம் உள்ளது இரண்டு இடங்களில்: அணுவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தொடக்க நுனி, அணுவுக்கு உள்ளே தொங்கும் ஒரு நீண்ட மடிப்பு. எழுத்தை அங்கேதான் தேடுவார்கள்.

சுருக்கமாகச் சொன்னால், ஏற்பியையோ அதன் ஒரு துண்டையோ விலங்குக்குக் கொடுத்து, அது தரும் ஆன்டிபாடியை எடுத்து வந்து வேறொரு மூளைச் சீவலில் எழுத்துப் படிக்க விடுகிறோம்.

ஒளி எங்கிருந்து வருகிறது

ஆன்டிபாடி போய் ஒட்டிவிட்டது, சரி. அது நமக்குத் தெரிய வேண்டுமே? அதனோடு ஒளிரும் சாயத்தைக் கட்டிவிடுவார்கள். ஆல்பர்ட் கூன்ஸ் என்ற மருத்துவர் 1941-இலேயே இதைச் செய்து காட்டினார்.

இன்று பெரும்பாலும் இரண்டு அடுக்காகச் செய்கிறோம். முதல் ஆன்டிபாடி முயலில் செய்தது, அது ஏற்பியைப் பிடிக்கும். இரண்டாவது, முயலின் ஆன்டிபாடிகளையே பிடிக்கும்படி ஆட்டிலோ கழுதையிலோ செய்தது, அதில் சாயம் இருக்கும். ஒரு முதல் ஆன்டிபாடி மேல் பல இரண்டாம் ஆன்டிபாடிகள் ஏறுவதால் ஒளி கூடும். முயலின் ஆன்டிபாடிக்குச் சிவப்பு, கினிப்பன்றியின் ஆன்டிபாடிக்குப் பச்சை என்று வைத்தால் இரண்டு துணையலகுகளை ஒரே சீவலில் பார்க்கலாம்.

முதன்முதலாக நான் அப்படி ஒன்றைப் பார்த்தது நினைவிருக்கிறது. இருட்டறையில் எலியின் சிறுமூளை. கறுப்பில் வரிசை வரிசையாகப் பச்சைப் புள்ளிகள், திருக்கார்த்திகை அன்று தெரு முழுக்க வீட்டு வாசலில் அகல் வைத்ததுபோல. ஒவ்வொரு புள்ளியும் ஒரு நரம்பணு இன்னொன்றை அடக்கும் இடம்.

சூரிச்சில் ஃபிரிச்சியும் மோலரும் எலி மூளை முழுவதிலும் இப்படித் துணையலகுகளைத் தேடி 1995-இல் வெளியிட்ட வரைபடம் இத்துறையின் அடித்தளம். ஆல்பா-1 மூளையின் பெரும்பகுதியில் இருக்கிறது. ஆல்பா-5 நினைவாற்றலோடு தொடர்புள்ள ஹிப்போகேம்பஸில் அதிகம். ஆல்பா-6 ஏறக்குறைய சிறுமூளையின் ஒரு வகை அணுக்களில் மட்டும். டயஸிபாம் போன்ற மருந்துகளின் ஒவ்வொரு விளைவும் மூளையின் எந்தப் பகுதியிலிருந்து வரக்கூடும் என்று யோசிக்க இந்த வரைபடம் கைகொடுத்தது.

ஒரே எழுத்து, இரண்டு வீடு

இனி வருவதுதான் நான் எழுத உட்கார்ந்ததன் காரணம்.

ஒரு கல்யாணத்தில் எங்கள் வீட்டு எழுத்தும் கீழத்தெருவில் இன்னொரு வீட்டு எழுத்தும் ஒன்றாக இருந்துவிட்டன. நாங்கள் பிள்ளைகள் சரியாகத்தான் படித்தோம், சரியாகத்தான் அடுக்கினோம். ஆனால் வீட்டுக்கு வந்த பதினைந்து பாத்திரத்தில் நாலு எங்களுடையது இல்லை.

ஆன்டிபாடிக்கும் இது நடக்கும். அது தேடும் சில அமினோ அமிலங்களைப் போன்ற வரிசை, மூளையில் சம்பந்தமே இல்லாத வேறொரு புரதத்தில் இருக்கலாம். அதையும் பிடித்துக்கொள்ளும். படம் அழகாக வரும், புள்ளிகள் ஒளிரும். ஆனால் அது நாம் நினைத்த ஏற்பி இல்லை. இதைக் குறுக்கு வினை என்போம்.

ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது எனக்கே நடந்தது. ஒரு துணையலகுக்கு என்று விலைக்கு வாங்கிய ஆன்டிபாடியை வைத்து எட்டு மாதம் படம் எடுத்தேன். அளந்தேன், எண்ணினேன். அப்புறம் வேறொரு ஆய்வகத்திலிருந்து, அந்தத் துணையலகின் மரபணுவே நீக்கப்பட்ட எலியின் மூளைச் சீவல்கள் வந்தன. அந்த எலியில் அந்தப் புரதம் அறவே கிடையாது. அதில் ஆன்டிபாடியைப் போட்டேன். அதே புள்ளிகள், அதே ஒளி. அன்று இரவு வெகுநேரம் நுண்ணோக்கியை அணைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எட்டு மாதத்துப் படங்களில் ஒன்றைக்கூடப் பயன்படுத்த முடியவில்லை.

அதனால்தான் ஆன்டிபாடிப் படம் எதைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது, அந்தப் புரதம் இல்லாத மூளையில் போட்டுப் பார்த்தார்களா என்பதுதான். இதைவிட நல்ல சோதனை இல்லை. அந்த எழுத்து உள்ள பாத்திரமே இல்லாத வீட்டுக்குப் பிள்ளையை அனுப்பிப் பார்ப்பதுபோல. அங்கிருந்தும் நாலு பாத்திரத்தோடு திரும்பினால் பிள்ளை வேறு எதையோ படிக்கிறது.

இன்னொரு சோதனை வெஸ்டர்ன் பிளாட். மூளையின் புரதங்களையெல்லாம் கரைத்து அளவுவாரியாகப் பிரித்து ஒரு தாளில் ஏற்றி, ஆன்டிபாடி எந்த அளவில் ஒட்டுகிறது என்று பார்ப்பது. நாம் தேடும் புரதத்தின் அளவில் ஒரே ஒரு கோடு வந்தால் நல்லது. ஆனால் இதில் தேறியது சீவலிலும் தேறும் என்று சொல்ல முடியாது. கரைக்கும்போது புரதம் தன் மடிப்புகள் பிரிந்து நீளும். சீவலில் அது மடங்கிய உருவத்திலேயே இருக்கும். பாத்திரத்தை நசுக்கித் தகடாக்கினால் எழுத்தின் உருவமும் மாறிவிடும் இல்லையா? ஒன்றில் படிக்கத் தெரிந்த ஆன்டிபாடிக்கு இன்னொன்றில் தெரியாமல் போகலாம்.

இந்தத் துறையே இதை நேராகப் பேசத் தொடங்கியது தாமதமாகத்தான். 2005-இல் ஒரு நரம்பியல் ஆய்விதழின் ஆசிரியர், ஆன்டிபாடியின் நம்பகத்தன்மையை நிரூபிக்காத கட்டுரைகளை ஏற்க மாட்டோம் என்ற பொருளில் வாசகர்களுக்கு வெளிப்படையாகவே எழுதினார். 2015-இல் நூற்றுக்கும் மேற்பட்ட அறிவியலாளர்கள், எந்த வரிசையிலிருந்து உருவானது என்று தெரிந்த ஆன்டிபாடிகளை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று கையெழுத்திட்டார்கள். இன்னும் வேலை முடியவில்லை.

கரி பிடித்த எழுத்து

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. எழுத்து இருக்கும், ஆனால் தெரியாது. விறகடுப்பில் ஏற்றிய அண்டாவில் கரி ஏறிப் பெயர் மறைந்து கிடக்குமே, அதுபோல. மூளையைச் சீவுவதற்கு முன் அழுகாமல் இருக்க ஃபார்மலின் வகை மருந்தில் பதப்படுத்துகிறோம். அது புரதங்களை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுவிடும். அடக்கும் ஏற்பிகள் இருக்கும் இடம் ஏற்கெனவே புரத நெரிசல் மிக்கது. பதப்படுத்தல் கொஞ்சம் கூடிப்போனாலும் ஆன்டிபாடியால் எழுத்தை எட்ட முடியாது. படம் இருட்டாக வரும். அதைப் பார்த்து "இங்கே ஏற்பி இல்லை" என்று எழுதிவிட்டால் அதுவும் பொய்.

கரிக்கு என்ன செய்வோம்? புளி போட்டுத் துலக்குவோம். ஆய்வகத்திலும் அதற்கு நிகரான வழிகள் உண்டு. சீவலைச் சூடாக்குவது, செரிமான நொதியான பெப்சினில் சில நிமிடம் வைப்பது. அதிகம் துலக்கினால் எழுத்தும் தேயும், அதனால் அளவு பார்த்துச் செய்ய வேண்டும். எழுத்து பாத்திரத்தின் உட்புறம் இருந்தால், அதாவது அணுவுக்கு உள்ளே தொங்கும் மடிப்பில் இருந்தால், மேல்தோலில் சோப்பு போன்ற கரைசலால் துளையிட்டுத்தான் ஆன்டிபாடியை உள்ளே விட முடியும். உயிரோடு இருக்கும் அணுவில் பார்க்க வெளியே நீட்டிய நுனியைப் படிக்கும் ஆன்டிபாடிதான் உதவும்.

பாலம் என்ற பெயர்

பெட்ஸ் குழுவினர் செய்த மோனோகுளோனல் ஆன்டிபாடிகளில் ஒன்றுக்கு 7-ஏ என்று பெயர். அது பிடித்தது கிளைசின் ஏற்பியை இல்லை. ஏற்பியைப் பிரிக்கும்போது கூடவே ஒட்டிக்கொண்டு வந்த வேறொரு புரதத்தை. ஏற்பியை அணுவின் உட்புறத்திலிருந்து பிடித்து நிறுத்தும் நங்கூரம் அது. கிரேக்க மொழியில் பாலத்துக்கு கெஃபிரா என்பார்கள், அதிலிருந்து கெஃபிரின் என்று பெயர் வைத்தார்கள். காபா-ஏ ஏற்பிகள் பலவற்றையும் அதுவே பிடித்து நிறுத்துகிறது என்று பிற்பாடு தெரிந்தது. ஒரு ஆன்டிபாடி எதிர்பாராததைப் பிடித்ததால் கிடைத்த வரம்.

1985-இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இந்த ஆன்டிபாடிகளைக் கொண்டு பார்த்தபோது, கிளைசின் வெளிவரும் வாசலுக்கு நேர் எதிரே ஏற்பிகள் குவிந்திருப்பது கண்ணால் தெரிந்தது. இரண்டு நரம்பணுக்களுக்கும் இடையில் சுமார் 20 நானோமீட்டர்தான் இடைவெளி. மடை இருக்கும் இடத்தில்தான் கெஃபிரினும் இருக்கிறது என்பதால், அடக்கும் இடங்களை எண்ண உலகமெங்கும் 7-ஏ ஆன்டிபாடியைப் பயன்படுத்தினார்கள்.

பல வருடம் கழித்து, 2012-இல், ஒரு செய்தி வந்தது. 7-ஏ எல்லாக் கெஃபிரினையும் படிப்பதில்லை. அந்தப் புரதத்தின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் பாஸ்பேட் என்ற சிறு வேதிக்குழு ஒட்டியிருந்தால் மட்டுமே பிடிக்கிறது. எழுத்தோடு ஒரு புள்ளியும் இருந்தால்தான் பிள்ளை எடுக்கிறது, புள்ளி இல்லாத அதே வீட்டுப் பாத்திரத்தை விட்டுவிடுகிறது. "இங்கே கெஃபிரின் குறைந்துவிட்டது" என்று அதுவரை சொன்ன இடங்களில் சிலவற்றில், கெஃபிரின் அப்படியே இருந்து புள்ளி மட்டும் அழிந்திருக்கலாம். ஆன்டிபாடி தவறு செய்யவில்லை. அது என்ன படிக்கிறது என்று நாம் பாதிதான் தெரிந்துவைத்திருந்தோம்.

தேவகோட்டைப் பையனின் ரிப்போர்ட்

கல்யாணம் முடிந்த மறுநாள் அயித்தை வீட்டுக்குப் போனேன். ரிப்போர்ட்டின் படத்தை வாட்ஸ்அப்பில் வரவழைத்து வைத்திருந்தார். காபா-பி ஏற்பிக்கு எதிரான ஆன்டிபாடி என்று இருந்தது.

உடலின் பாதுகாப்பு அமைப்பு சில சமயம் தன் சொந்தப் புரதத்தையே அந்நியமாக நினைத்து ஆன்டிபாடி செய்துவிடுகிறது. அது மூளையின் அடக்கும் ஏற்பிகளைப் பிடித்தால் மடை சரியாக வேலை செய்யாது. வலிப்பு, குழப்பம், நினைவு மங்கல் வரும். காபா-பி ஏற்பியைத் தாக்கும் இந்த மூளை அழற்சி 2010-இல் விவரிக்கப்பட்டது, காபா-ஏ வகை 2014-இல். கிளைசின் ஏற்பிக்கு எதிரானதில் உடல் விறைப்பு வரும், ரண ஜன்னியை நினைவூட்டும் விதமாக. கொரோனாவில் ஆன்டிபாடி கிருமியைப் பிடித்தது, அதனால் நல்லது. இங்கே பிடிப்பது நம் மடையை.

சில நோயாளிகளுக்கு, முக்கியமாகக் காபா-பி வகையில், நுரையீரலில் மறைந்திருக்கும் கட்டி இதைத் தூண்டியிருக்கும் என்பதால் மருத்துவர்கள் அதையும் தேடிப் பார்ப்பார்கள். ஸ்டீராய்டு, ரத்தத்திலிருந்து ஆன்டிபாடியை வடிகட்டி எடுப்பது போன்ற சிகிச்சைகள் உண்டு, பலர் தேறுகிறார்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் நல்லது. நரம்பியல் மருத்துவர் சொல்வதை விடாமல் கேட்கச் சொல்லுங்கள் என்றேன்.

"இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்க?" என்றார்.

நாங்கள் ஆய்வகத்தில் செய்வதைத் தலைகீழாக. எங்களிடம் தெரிந்த ஆன்டிபாடி இருக்கும், தெரியாத ஏற்பியைத் தேடுவோம். அங்கே ஏற்பி தெரிந்தது, ஆன்டிபாடி தெரியாதது. காபா-பி ஏற்பியை மட்டும் மேலே வைத்திருக்கும்படி வளர்த்த அணுக்கள் மீது நோயாளியின் ரத்த நீரையோ தண்டுவட நீரையோ விடுகிறார்கள். அதில் அந்த ஆன்டிபாடி இருந்தால் ஒட்டிக்கொள்ளும். மனித ஆன்டிபாடியைப் பிடிக்கும் சாயம் கட்டிய இரண்டாம் ஆன்டிபாடியை விட்டால் ஒளிரும்.

அயித்தை கொஞ்ச நேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் கல்யாண வீட்டில் நான் பாதியில் விட்ட பதிலில் இந்தப் பாத்திரக் கதையைக் கேட்டிருந்தார்.

"பக்கத்துலயே அந்த ஏற்பி இல்லாத அணுவையும் வச்சு ஊத்திப் பார்த்தாங்களா?"

பார்ப்பார்கள் அயித்தை, என்றேன். ஒவ்வொரு சோதனையிலும் அது ஒரு தனி வட்டத்தில் கூடவே இருக்கும். அது இருட்டாக இருந்தால்தான் மற்றதன் ஒளியைக் கணக்கில் எடுப்பார்கள்.